கரை தெரியும் பக்கத்து ஜன்னல்

ஏப்ரல் 8, 2007. ஞாயிறு

காலை எட்டு மணிக்கே தார் ரோடு இளகுகிறது. சீசன் முடிந்து வெள்ளைக்காரர்கள் எல்லாம் கிளம்பியாச்சு. மாமல்லபுரமே காலி, நான் வேலை செய்யும் பிரௌசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டரும் காலி. எனக்குக் கொண்டாட்டம்.

பதினோரு மணிக்கு செந்தில் அண்ணன் சியாட்டிலிலிருந்து போன். சிறுசேரி ஆபீஸ்காரர்கள் அவனை அங்கே அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. செப்டம்பரில் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மகா, நீதான கப்பலு கப்பலுன்னு செத்துகினு கெடப்ப? நைனாவயும் அம்மாவயும் வரவெச்சு அலாஸ்கா கூட்டினு போலாம்னு கீறேன். ஐஸ் மல பாக்க. கப்பல்ல ஒரு வாரம். எந்தக் கப்பலு, எந்த ரூட்டு, எல்லாம் நீயே பாத்து சொல்லு."

கத்திவிட்டேன். ஓனர் பாபு அண்ணா ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

எனக்கு டிக்கெட் இல்லை. கேட்டுப் பார்த்தேன். "வயசுப் பொண்ணு, தனியா அப்ளை பண்ணா விசா தர மாட்டான்டி. அப்பறம் பாக்கலாம்." தண்ணீர் குடித்தேன். சரியாகிவிட்டது.

தேர்ந்தெடுக்கப் போவது நான்! நான்!!

(செந்தில் அண்ணனை இனிமேல் செ. என்று எழுதுகிறேன். கை வலிக்கிறது.)

ஏப்ரல் 9

தூக்கமே இல்லை. மூன்று வருஷமாக சேர்த்த கப்பல் நோட்டு இரண்டையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு கப்பலுக்கும் மாடி மாடியாக வரைபடம், நானே ஸ்கேல் வைத்துப் போட்டது. எந்தக் கப்பலில் லிஃப்ட் எங்கே, டைனிங் ஹால் எந்த மாடியில், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நிஜக் கப்பல் இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. தூரத்தில் சரக்குக் கப்பல், புள்ளியாக. அது கணக்கில்லை.

முதல் தடவை பனிமலைப் படம் திறந்த நாள் நினைவிருக்கிறது. அப்போது டயல்-அப். படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் வானம். பிறகு வெள்ளை. இன்னும் வெள்ளை. படம் கெட்டுப்போச்சு என்று மூடப்போனேன். அப்போது நீலம் வந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் விட்டதும் முதல் நொடி ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். கீழே இறங்க இறங்க இன்னும் ஆழமாக. கடைசிக் கோட்டில்தான் தண்ணீர், அதன்மேல் எறும்பு மாதிரி ஒரு கப்பல்.

அது எறும்பு இல்லை, ஆயிரம் பேர் இருக்கிற கப்பல் என்று புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது.

ஏப்ரல் 11

மழை வரும் போல் இருந்தது. வரவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தேன். நைனா சோற்றைப் பிசைந்த கையோடு நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஊர் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டியவர், தான் பார்க்க என்று எங்கேயும் போனதில்லை.

"ஐஸ் மலன்னா எம்மாம் பெருசு மகா?"

"நம்ம லைட் ஹவுஸ நாலு அடுக்கு வெச்சா கூட எட்டாது நைனா."

"மெய்யாலுமா?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. நான் கப்பலுக்குலாம் வர்ல."

நைனா: "நீ வர்லன்னா நானும் போவல."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

அம்மாவிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. சுனாமிக்கு முன்னால் கடற்கரை ரோட்டில் அவளுக்கு நாஸ்தா கடை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இட்லி வேகிறது, தண்ணீர் கழுத்துவரை வந்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு கம்பி கேட் கையில் மாட்டியதால் இருக்கிறாள். பக்கத்தில் பூ விற்ற அக்கா இல்லை. அதற்குப் பிறகு கடையை பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினாள். அங்கேயும் கடலுக்கு முதுகு காட்டித்தான் அடுப்பு. இரண்டரை வருஷமாகக் கடலைப் பார்க்கவில்லை. மாமல்லபுரத்தில் இருந்துகொண்டு!

ஏப்ரல் 14. வருஷப் பிறப்பு

மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சென்டர் லீவு.

நைனா இரண்டு நாளாக அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்திருக்க வேண்டும். வடை சுட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"கப்பல்லேந்து கர தெரியுமா?"

"எந்தக் கரம்மா?"

"எதுனா ஒரு கர. மண்ணு, மரம், இன்னா வேணா. எந்நேரமும் தெரியணும். அப்டி ஒரு கப்பலு கீதா உன் நோட்டுல?"

"கீது" என்றேன். தெரியாமலே சொல்லிவிட்டேன்.

"முழிச்சு பாக்க சொல்ல வெறும் தண்ணியா தெரிஞ்சுது, மொத ஊர்லயே எறங்கிடுவேன். உங்க நைனாவயும் கையோட இட்டுகினு வந்துடுவேன். சொல்ட்டேன்."

நைனா பாயசம் குடிப்பது போல் டம்ளருக்குள் சிரிக்கிறார்.

ஏப்ரல் 19

நான்கு நாள் ஒரே படிப்பு. இன்டர்நெட்டில் கப்பல் ரசிகர்கள் கூடிப் பேசும் ஃபோரத்தில் கேட்டேன். கேபின்4012 என்று ஒரு பெயர், கனடாக்காரப் பாட்டி, முப்பது தடவைக்கு மேல் கப்பலில் போனவர், ஃபோரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். உடனே பதில் போட்டார். கடைசியில் மூன்று மிஞ்சின.

1. என் பெரிய வெள்ளை. (இதுதான் என் கப்பல். நோட்டில் பதினெட்டு பக்கம் இதற்கே.) சியாட்டிலிலேயே கிளம்பும், செ.வின் வீட்டுக்குப் பக்கம். சறுக்கு மரம் உண்டு, தியேட்டர் உண்டு, பன்னிரண்டு மாடி.

2. வான்கூவரில் ஏறி வடக்கே போய் அங்கேயே இறங்குவது. திரும்ப விமானம். இரண்டு மூன்று பனியாறு பார்க்கலாம்.

3. வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்குவது. பழைய நீலக் கப்பல், சின்னது. பயணிகள் எல்லாம் வயசானவர்கள். சாயந்திரம் சீட்டாட்டமாம். சறுக்கு மரம் கிடையாது. கிளேசியர் பே என்ற வளைகுடாவுக்குள் ஒரு முழு நாள்.

நெஞ்சு முழுக்க ஒன்றாம் நம்பர்.

ஏப்ரல் 23

ஒன்றாம் நம்பர் அவுட்.

சியாட்டில் கப்பல்கள் ஒரு பெரிய தீவுக்கு வெளிப்பக்கமாகப் போகின்றனவாம். திறந்த கடல், முழு நாள். ரூட் மேப்பில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எங்கேயாவது கரைப்பக்கம் வளைகிறதா என்று. இல்லை.

இரண்டும் அவுட். கடைசியில் ஒரு வளைகுடாவைக் குறுக்கே தாண்ட வேண்டும், அதுவும் வெறும் தண்ணீர்.

மூன்றாம் நம்பர் மட்டும் தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே சந்துக்குள் போவது போலப் போகிறது. சில இடத்தில் இரண்டு பக்கமும் மரம் அவ்வளவு கிட்ட, காகம் உட்கார்ந்தால் தெரியும் என்று கேபின்4012 எழுதுகிறார். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் ஒரு பக்கம் திறந்திருக்குமாம். மறுபக்கம் எப்போதும் மலை.

ஆக, பழைய நீலம். என் பெரிய வெள்ளைக்கு ஒரு கும்பிடு.

பாபு அண்ணா: "ஏம்மா, போறது அவங்க. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?"

சொன்னால் அவருக்குப் புரியாது.

ஏப்ரல் 24

கிளேசியர் பே பற்றி ஒரு வீடியோ. லோடாக நாற்பது நிமிஷம். ஓடுவது ஒன்றரை நிமிஷம்.

ஐஸ் சுவர். அசையாமல் நிற்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு, துண்டு என்றால் ஒரு கல்யாண மண்டபம் அளவு, சத்தமே இல்லாமல் சரிகிறது. விழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. தூரம் அப்படி. அங்கே இருக்கிறவர்கள் அதை இடி என்றே சொல்கிறார்கள்.

அந்த ஐஸ் நூறு இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேலே பெய்த பனியாம். யாருமே பார்க்காத இடத்தில் பெய்து, அமுங்கி, நீலமாகி, ஒரு நாளைக்கு ஓரடி ஈரடி என்று நடந்து வந்து கடலில் விழுகிறது. நடந்து! மலை அளவு ஐஸ்! நான் இட்லி தின்கிறபோது, பல் தேய்க்கிறபோது, அது அங்கே நடந்துகொண்டே இருக்கிறது.

இதை நைனா பார்க்கப் போகிறார். இதை எழுதும்போதே கை சில்லென்று இருக்கிறது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி.

ஏப்ரல் 29

புக் பண்ணியாச்சு!!! ஜூன் 30 சனிக்கிழமை கிளம்பும் கப்பல்.

செ. அங்கே கம்ப்யூட்டரில், நான் இங்கே. அவனுக்கு ஜன்னல் இல்லாத ரூம், நைனா அம்மாவுக்கு ஜன்னல் ரூம். "எந்தப் பக்கம்டி? ரெண்டு பக்கமும் கீது. சீக்கிரம் சொல்லு, டைம் ஓடிகினு கீது ஸ்க்ரீன்ல" என்று சாட்டில் அவசரப்படுத்துகிறான்.

இடது பக்கம் என்று அடித்தேன். யோசிக்கவே இல்லை. வடக்கே போகிறோம், இடது பக்கம்தான் கரை. சென்னை பஸ்ஸில் அம்மா எப்போதும் இடது பக்க சீட்டில்தான் உட்காருவாள், நெம்மேலி தாண்டி கோவளம் வரை கண்ணில் கடல் படாமல் இருக்க. அதே கணக்கு.

ரூம் எண்ணை நோட்டில் எழுதி மூன்று தடவை வட்டம் போட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கர தெரியும்ல?" "ஜன்னலத் தொறந்தா கரதான்மா." தலையாட்டினாள். பிறகு, "அங்க குளுருக்கு ஸ்வெட்டரு போதுமா, கம்பளியும் எட்துகினு போணுமா?" என்றாள்.

வருகிறாள்!!

மே 16

அக்னி நட்சத்திரம். வேர்க்குரு.

அமெரிக்க விசா கிடைத்தது, இரண்டு பேருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்கிறவர் கேட்டு முடிக்கும் முன்பே நைனா: "வண்டி ஸ்டாண்டுல நிக்குது சார். நான் வர்லன்னா டயரு போய்டும்." சிரித்துவிட்டாராம்.

கப்பல் ஏறுகிற வான்கூவர் கனடாவில் இருப்பதால் கனடா விசாவும் வேண்டும். அதற்கு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 8

கனடா விசாவும் வந்தாச்சு. அந்தச் சந்தோஷத்தில் ஃபோரத்தில் பெருமை அடித்தேன். கப்பல், தேதி, ரூம் எல்லாம் எழுதி, "அம்மாவுக்குத் திறந்த கடல் பயம், அதனால் வடக்கே போகும் வழியெல்லாம் கரை தெரிகிற மாதிரி இடது பக்கம் எடுத்திருக்கிறேன்" என்று.

கேபின்4012 பதில்: "கண்ணு, இடது பக்கம் மேற்கு. மேற்கே அடுத்த கரை ஜப்பான்."

ஐந்து நிமிஷம் அந்த வரியையே பார்த்தேன்.

அந்த மேப்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நிலம் வலது பக்கம்தான் இருக்கிறது. பச்சை கலரில். எல்லோரும் பார்க்கிற மாதிரி. ஆனால் செ. அவசரப்படுத்தினபோது மேப் நினைவுக்கு வரவில்லை. பஸ்தான் வந்தது. எங்கள் ஊர்க்காரி யாரைக் கேட்டாலும் சூரியன் கடலிலிருந்துதான் வரும். அங்கே சூரியன் கடலில் போய் விழுகிறது.

திறந்த இடம் வருவது முதல் ராத்திரி விடிந்த காலையில். அம்மா முழிக்கிற நேரம். ஜன்னலைத் திறந்தால்.

ஜூன் 9

செ.வை எழுப்பிவிட்டேன். அவன் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டான். வலது பக்கம் ஜன்னல் ரூம் ஒன்றுகூட இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது.

"அம்மாட்ட ஒண்ணியும் சொல்லாத. ஏறிட்டா அப்பறம் பாத்துக்கலாம்."

ஏறிய பிறகா? கழுத்துவரை தண்ணீர் வந்தது அவனுக்கா?

ஜூன் 12

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அம்மா மாவு அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அண்டாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "யார்ரி அவன்?"

"ஐயோ, அது இல்லம்மா. ஜன்னலு."

"ஜன்னலா?"

"கப்பல்ல. தப்பான பக்கம் எடுத்துட்டேன். அங்க கடலு மேற்கால கீதும்மா."

"மேற்காலயா?" அவள் முகத்தில் பயமே இல்லை, நம்பாமைதான். "மேற்காலதான செங்கல்பட்டு?"

"இங்க. அங்க வேற மாரி."

அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒலகம் முச்சூடும் கடலு கெழக்கால தான்னு நெனச்சிகினு இருந்தேன்."

"நானுந்தான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லை.

"எம்மா நேரம் தெரியும் வெறுந்தண்ணி?"

"மொத நாள் காலைல. ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். அப்பறம் மலதான். திரும்பி வரசொல்ல உன் ஜன்னல்ல கர தெரியும்."

"ஜன்னலுக்குத் தெர இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"இழுத்து உட்டுக்கறேன்."

ஒரு ஆள் வந்து டீ கேட்டார். போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்பும்போது, "நைனாட்ட சொல்லாத. அவரு வேணான்னு சொல்லிடுவாரு. அந்த ஆளு இப்பதான் ஒரு எடத்துக்குப் போறாரு" என்றாள்.

ஜூன் 24

மீனம்பாக்கம். நைனா முழுக்கால் பேண்ட், ஷூ. நடப்பதே வேறு மாதிரி. அம்மா ஊறுகாய் பாட்டில் மூன்று, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். சென்னை வெயிலில்!

அம்மா கை என் கையை விடவில்லை. விரல் சில்லென்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் தனியாக. இட்லி மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜெல்லாம் ஒரே பிசுக்கு.

ஜூலை 1

அங்கே இப்போது சனிக்கிழமை சாயந்திரம். கப்பல் கிளம்பும் நேரம். வான்கூவர் துறைமுக வெப்கேம் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு படம்தான் மாறும். ஒன்றில் நீலக் கப்பல் நிற்கிறது. அடுத்ததில் பாலத்துக்கு அடியில். அதற்கடுத்ததில் வெறும் தண்ணீர்.

அந்த வெறும் தண்ணீரைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, விண்டோவை மூடிவிட்டேன்.

ஜூலை 3. செவ்வாய்

செ. மெயில், முதல் ஊர் ஜூனோவிலிருந்து. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"எறங்கல. மொத நாள் காலைல அம்மா தெரயத் தொறக்கவே இல்ல. மத்தியானம் வரைக்கும் ரூமுக்குள்ளயே, கட்டில்ல குந்திகினு. சாப்பாடு நான் கொண்டுபோய்க் குடுத்தேன். நைனாக்கு அப்பதான் விஷயம் தெரிஞ்சுது. போலாமா, எறங்கிடலாமான்னு கேட்டாரு. இன்னிக்கு ஊர்ல எறங்கி நடந்தோம். திரும்ப ஏறுற எடத்துல அம்மா கொஞ்ச நேரம் நின்னாங்க. நைனாவப் பாத்தாங்க. ஏறிட்டாங்க. ஐஸு புதன்கிழம."

நான்கு தடவை படித்தேன். பாபு அண்ணாவிடம் காட்டினேன். "உங்கம்மா பெரிய ஆளும்மா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 4. ராத்திரி

அங்கே புதன் காலை. அவர்கள் இப்போது அதன் முன்னால் நிற்கிறார்கள். இந்த நிமிஷம். நான் இங்கே ஒரு ஜெர்மன்காரருக்கு பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன், பேப்பர் சிக்கிக்கொண்டது.

ஜூலை 6. வெள்ளி

காலை ஆறரை. மொபைல் அடித்தது. கடைசி ஊரிலிருந்து, பூத்திலிருந்து. பின்னால் கடல்காக்கை சத்தம்.

அம்மா.

"மகா, தண்ணி புட்ச்சியா? மோட்டாரு போட்டியா?"

"அம்மா! ஐஸு! ஐஸு எப்டி கீது!"

"சொல்றேன் இரு. காலைல செந்தில் வந்து வாம்மா வாம்மான்னான். உங்க நைனா பாவமா பாத்துகினு கீறாரு. சரின்னு மேல போனேன். இந்தாண்ட மல, அந்தாண்ட மல, நடுவுல இது நிக்குது. நீல சொவரு. எம்மாம் பெருசுன்னு சொல்லத் தெரில மகா. வாய்ல வர்ல. ஒரே அமைதி. அம்மாம் ஜனம் நின்னுகினு கீது, ஒருத்தரும் பேசல. கோயில்ல கூட அப்டி பேசாம இருக்க மாட்டாங்க."

"விழுந்துச்சாம்மா?"

"வுழுந்துச்சு. ஒரு வூடு மாரி, வூடு இல்ல, ஒரு தெருவு மாரி. சத்தமே இல்லாம வுழுந்துச்சு. அப்பறம்தான் டமால்னுச்சு. அல வந்துச்சு."

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. அத்தனை வீடியோ பார்த்தேன், எல்லாவற்றிலும் ஐஸைத்தான் பார்த்தேன். விழுந்தால் அலை வரும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அம்மா..."

"தூரத்துலேந்து கோடு மாரி வந்துச்சு. அன்னிக்கும் அப்டித்தான், மொதல்ல ஒரு கோடுதான். எனக்குக் காலு ஓடல. ஓட எங்க எடம்? கம்பியப் புட்ச்சிகினு நின்னேன். வந்துச்சு. ஐஸுத் துண்டெல்லாம் வரிசையா ஏறி எறங்குச்சு. கப்பல கொஞ்சூண்டு தூக்கி எறக்குச்சு, கொயந்தய ஆட்ற மாரி. அவ்ளோதான். அந்தாண்டப் பக்கம் போய்டுச்சு."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. திரும்பி வருமான்னு நின்னு பாத்தேன். வர்ல. இரு, உங்க நைனா பேசணுமாம்."

நைனா வாங்கினார்.

"நைனா, ஐஸ் பாத்தீங்களா?"

"பாத்தேன் மகா. நல்லா பாத்தேன். நீ சொன்னத வுட பெருசு."

"அம்மா?"

"நாங்க எல்லாரும் ஐஸத்தான் பாத்துகினு இருந்தோம். மூணு மணி நேரம். அவ மட்டும் தண்ணியப் பாத்துகினு இருந்தா."